சயாமுக்குப் போனவர்களுக்கான கடன்

சயாம்–பர்மா ரயில் பாதையில் இறந்த மலாயாத் தமிழர்களுக்கு உடல் இல்லை, இறந்த தேதி இல்லை, பெரும்பாலோருக்குப் பெயர்ப் பதிவும் இல்லை. இறந்தவருக்கு இருப்பவர் செய்ய வேண்டிய கடமை என்று சமயங்கள் வகுத்திருப்பவை எல்லாம் இம்மூன்றையும் நம்பியே அமைந்தவை. எரிக்கவோ புதைக்கவோ உடல் வேண்டும். ஆண்டுதோறும் நினைக்க ஒரு நாள் வேண்டும். சொல்லி அழைக்கப் பெயர் வேண்டும். மூன்றும் பறிபோன இடத்தில் அந்தக் கடமை என்ன ஆகிறது? உயிரோடு திரும்பியவர் எதைப் பிடித்துக்கொண்டு தேறுகிறார்? 1945இல் ஐரோப்பாவின் நாஜி வதைமுகாம்கள் திறக்கப்பட்டபோது யூத சமயம் இதே கேள்விகளை எதிர்கொண்டது. அங்கே பதில்கள் நூல்களாகவும் சமய நீதிமன்றத் தீர்ப்புகளாகவும் வழிபாட்டு நாள்களாகவும் எழுதப்பட்டன. மலாயாவில் அவை தோட்ட லயங்களுக்குள்ளேயே, எழுத்தில் ஏறாமல், ஒவ்வொரு வீட்டாராலும் தனித்தனியே தேடப்பட்டன.

பெர்ணம் ஆறு பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் இடத்தில், பேராக் பக்கத்துக் கரையில் இருக்கிறது அத்தகைய தோட்ட வட்டாரங்களில் ஒன்றான தஞ்சோங் மாலிம். வடக்கே சிலிம் ரிவர், துரோலாக். சுற்றிலும் கத்தோயோங், குளுனி என்று ரப்பர்த் தோட்டங்கள். 1942 ஜனவரி 7 அன்று ஜப்பானிய டாங்கிகள் சிலிம் ரிவரில் 11ஆம் இந்தியப் படைப்பிரிவை உடைத்துக்கொண்டு தெற்கே இறங்கின. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர். ரப்பரை ஏற்றுமதி செய்ய வழியில்லாமல் போனதும் பால்வெட்டு நின்றது. வெள்ளைக்காரத் துரைகள் ஓடிவிட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கைக் கிழித்து உடுத்திய குடும்பங்களிடம்தான் ரயில் வேலைக்கு ஆள் கேட்டு வந்தார்கள்.

தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை அது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்தானபோது, மலையையும் காட்டையும் வெட்டித் தரைவழி போட முடிவாயிற்று. 1942 நடுவில் வேலை தொடங்கியது. 1943 தொடக்கத்தில் கெடுவை மாதக்கணக்கில் குறைத்தார்கள். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் இருந்தும் போதவில்லை. மலாயாத் தோட்டங்களின் பக்கம் கை நீண்டது அப்போதுதான். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத ஒப்பந்தம் என்று கிராணிகளும் கங்காணிகளும் சொல்லி ஆள் சேர்த்தார்கள். பேச்சுக்கு மசியாத இடத்தில் படம் காட்டுகிறோம், அரிசி தருகிறோம் என்று கூட்டி லாரியில் ஏற்றினார்கள். சில குடும்பங்கள் பெண்டுபிள்ளைகளோடு போயின.

கிழக்குக் கரை ரயில் தண்டவாளங்களை ஜப்பானியர் இதே பாதைக்காகப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே சிலாங்கூரிலிருந்தும் நெகிரி செம்பிலானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வடக்கே போன வண்டிகள் தஞ்சோங் மாலிம் நிலையத்தைத் தாண்டியே போயாக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதிகளை ஏற்றிச் சென்றவையும் இதே தண்டவாளத்தில்தான் ஓடின. மூடிய சரக்குப் பெட்டிக்குள் ஆளோடு ஆள் ஒட்டி உட்கார்ந்து நாலைந்து நாள் பயணம். அந்தப் பெட்டிகளில் போனவர்களைக் குடும்பங்கள் இன்றும் ‘சயாமுக்குப் போனவர்’ என்றே சொல்கின்றன.

மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். இறந்தவர் தொகையை ஜப்பானியக் கணக்கு 30,000க்குச் சற்றுக் குறைவாகச் சொல்கிறது. பிரிட்டிஷ் மதிப்பீடுகள் 40,000ஐத் தொடுகின்றன. தமிழ் அமைப்புகள் அதைவிட மிக அதிகம் என்கின்றன. போர்க்கைதிகளில் 12,000க்கு மேல் இறந்தார்கள். விகிதம் பார்த்தால் தமிழரின் சாவே அதிகம். காரணம் உடல் வலிமையில் இல்லை. கைதிகளுடன் அவர்களுடைய அதிகாரிகளும் இராணுவ மருத்துவர்களும் இருந்தார்கள். நீரைக் காய்ச்சிக் குடிக்க வைக்கவும், கழிப்பிடத்தைத் தள்ளித் தோண்டவும், நோயாளியைப் பிரித்து வைக்கவும் கட்டளையிட ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது தமிழர் முகாம்கள் முகாமோடு அழிந்தன. ஜூனிலும் ஆகஸ்டிலும் சிங்கப்பூரின் சாங்கிக் கைதி முகாமிலிருந்து ‘கே படை’, ‘எல் படை’ என்று கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டிருந்தது. 1943 அக்டோபர் 17இல் இரு முனைத் தண்டவாளங்களும் கொன்கொய்தாவில் இணைந்தன.

ஐரோப்பாவுக்கும் சயாமுக்கும் இடையே, முகாம்கள் திறக்கப்பட்ட விதத்திலேயே வேறுபாடு தொடங்குகிறது. ஆஷ்விட்சுக்குள் சோவியத் படை 1945 ஜனவரி 27இல் நுழைந்தபோது ஏறத்தாழ 7,000 பேர் உயிரோடு எஞ்சியிருந்தார்கள். ஏப்ரல் 15இல் பெர்கன்-பெல்சனுக்குள் போன பிரிட்டிஷ் படை 60,000 பேரையும், புதைக்கப்படாமல் கிடந்த சுமார் 13,000 பிணங்களையும் கண்டது. படப்பிடிப்பாளர்கள் உடன் போனார்கள்; உலகம் பார்த்தது. ஆனாலும் அங்கே மீட்பு வந்த பிறகும் ஏறக்குறைய 14,000 பேர் இறந்தார்கள். டைபஸ் ஒரு காரணம். வற்றிய குடல் உணவை ஏற்காதது இன்னொரு காரணம். 1943 வங்கப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சர்க்கரை, பால்மாவு, மாவு, உப்புக் கரைசலையே பெல்சனிலும் கொடுத்தார்கள். அதன் தித்திப்பைக் கிழக்கு ஐரோப்பியர் பலரால் விழுங்க முடியவில்லை. வங்காளத்துக் குடியானவனின் சாவில் கற்ற பாடம் யூதரின் உயிரைக் காக்கப் போனது என்பதை அந்தப் போரின் வரலாறுகள் ஓரத்தில் மட்டுமே குறிக்கின்றன. அது நடுவில் வைக்கப்பட வேண்டிய செய்தி.

ரயில் பாதை சென்ற தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நடந்தது வேறு. 1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் பணிந்ததும் நேச நாட்டுக் கைதிகளை மீட்கத் தனி அமைப்பு இயங்கியது. சில வாரங்களில் பெரும்பாலோர் விமானத்திலும் கப்பலிலும் ஊர் திரும்பினார்கள். தமிழ்த் தொழிலாளர்கள் அதே முகாம்களில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, பிறகு தொகுதி தொகுதியாகத் திரும்பினார்கள். யாரும் வாசல் கதவைத் திறந்துவிட்ட காட்சி அவர்கள் நினைவில் இல்லை. காவல்காரன் ஒருநாள் அடிப்பதை நிறுத்தினான், அவ்வளவுதான். கையில் இருந்த கூலி, வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு. பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அது செல்லாக் காசாயிற்று. காலில் ஆறாத புண், அடங்காத மலேரியாக் குளிர், வீங்கிய வயிறு ஆகியவற்றோடு லயத்துக்கு வந்தவர்களிடம் பக்கத்து வீடுகள் கேட்ட முதல் கேள்வி, எங்கள் ஆளைப் பார்த்தாயா என்பது. 1947 மக்கள்தொகைக் கணக்கில் மலாயா இந்தியர் தொகை 1931இல் இருந்ததைவிடக் குறைந்து நின்றது. இடையில் இந்தியாவுக்குத் திரும்பியவர்களும் உண்டு என்றாலும், போர்க்காலச் சாவுக்கும் அந்தக் குறைவில் பங்கு உண்டு.

ஏன் என்ற கேள்வி இங்கிருந்து எழுகிறது. தமிழ் வீடுகளில் அதற்குக் கைக்கெட்டிய பதில் ஒன்று உண்டு: தலையெழுத்து, அவன் செய்த வினை. யூதரிடையேயும் இதற்கு இணையான பதில் இருந்தது. நம் பாவங்களுக்காகவே இது நேர்ந்தது என்பது அவர்களின் பழைய வழிபாட்டு மொழி. போருக்குப் பின் சில வைதிக ரபிகள், அதாவது யூத சமய ஆசான்கள், அதையே சொன்னார்கள். பெரும்பாலோரால் அதை ஏற்க முடியவில்லை. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கொல்லப்பட்டதற்கு எந்தப் பாவத்தைக் கணக்குக் காட்டுவது? யூதச் சிந்தனையாளர்களில் ரிச்சர்டு ரூபன்ஸ்டைன் 1966இல், வரலாற்றை ஆளும் கடவுள் என்ற நம்பிக்கையையே கைவிட வேண்டும் என்றார். ஹான்ஸ் யோனாஸ், கடவுள் நல்லவராகவும் மனிதனுக்கு விளங்கக்கூடியவராகவும் இருக்க வேண்டுமானால் எல்லாம் வல்லவராக இருக்க முடியாது என்று வாதிட்டார். எமில் ஃபாக்கன்ஹைம் காரணம் தேடுவதையே நிறுத்திவிட்டு, ஹிட்லருக்கு இறந்தபின் வெற்றி கிடைக்கவிடாமல் யூதராக வாழ்வதே கட்டளை என்றார்.

வினைக் கொள்கைக்கு இந்த நெருக்கடி வெளிப்பார்வைக்குத் தெரியாது. எந்தத் துன்பத்துக்கும் முற்பிறப்பில் காரணம் வைக்க அதில் இடம் இருப்பதால், எந்த நிகழ்வும் அதைப் பொய்யாக்குவதில்லை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சரக்குப் பெட்டியில் ஏற்றப்பட்டவனின் முன்வினை என்று பேசத் தொடங்கினால், ஏற்றியவனின் செயல் பார்வையிலிருந்து மறைந்துபோகிறது. ஆனால் சைவ சித்தாந்தம் அப்படிப் பேச இடம் தரவில்லை. மெய்கண்டார் வழிவந்த அந்த மரபு வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது ஒன்று, இப்பிறப்பில் அனுபவத்துக்கு வருவது ஒன்று, இப்போது செய்து புதிதாக ஏற்றிக்கொள்வது ஒன்று. அடிபட்டவனுக்கு எது பிராரத்தமாக இருந்தாலும், அடித்தவனுக்கு அந்த அடி ஆகாமியம். ஒருவன் தன் வினையை அனுபவிக்கிறான் என்பது அவனைத் துன்புறுத்தியவனுக்கு எந்த மன்னிப்பையும் வாங்கித் தருவதில்லை. அதோடு, இன்னொருவரின் சஞ்சிதம் எவ்வளவு என்று அறியும் வழி எந்த மனிதருக்கும் கிடையாது. எனவே வினை என்பதை ஒருவர் தன் துன்பத்தைத் தாங்கத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். பிறர் துன்பத்தின் மேல் தீர்ப்பாகச் சொன்னால் அது கொள்கைக்கே பிழை.

தமிழ் நூல்கள் இந்த எல்லையை நன்கு காத்திருக்கின்றன. திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஆனால் கொடுங்கோன்மை அதிகாரம் குடிகளின் கண்ணீருக்கு ஆள்பவனின் முறைகேட்டைத்தான் காரணமாக வைக்கிறது, குடிகளின் ஊழை அல்ல. பெரியபுராணத்தில் அப்பரை நீற்றறையில் அடைத்தது பல்லவ மன்னனின் ஆணை. அது அப்பரின் முன்வினை என்று கதை சொல்லவில்லை. தாய்லாந்தின் தேரவாத பௌத்தத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. பாலி நூல்களில் உள்ள சீவக சுத்தம் துன்ப உணர்வுக்கு எட்டுக் காரணங்களைச் சொல்கிறது. பித்தமும் கபமும் வாதமும் பருவ மாற்றமும் பிறர் தாக்குதலும் அவற்றில் அடங்கும். பழைய கர்மம் எட்டில் ஒன்று மட்டுமே. மழைக்காலம், காலரா, தடியடி ஆகிய மூன்றும் சேர்ந்து கொன்ற இடத்துக்கு அந்தப் பட்டியல் அப்படியே பொருந்துகிறது.

கொள்கை தடுமாறிய இடத்தில் சடங்கு உறுதியாக நின்றது. கணவன் சயாமுக்குப் போய் வரவில்லை. செத்ததைப் பார்த்தவரும் இல்லை. மனைவி தாலியை என்ன செய்வது? கழற்றினால், ஒருவேளை உயிரோடு இருப்பவனுக்குத் தன் கையாலேயே சாவு வைத்தது போலாகும். வைத்துக்கொண்டால், செத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் அலைய விட்டதாகும். கருமாதி செய்ய மகனுக்கு நாள் இல்லை. வீட்டில் நல்ல காரியம் பேச வந்தால், தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை. ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் இந்த இரண்டுங்கெட்ட நிலையில் ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். இறந்தவருக்கான துக்கத்துக்கு ஒரு முடிவு உண்டு. காணாமற்போனவருக்கான துக்கத்துக்கு அது கிடையாது.

தர்ம சாஸ்திரங்கள் காணாமற்போனவருக்கு வழி சொல்லியிருக்கின்றன. பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டு பார்ப்பது. அதன்பின் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதற்கே தகனம் செய்து, கிரியைகளைத் தொடங்குவது. 1943இல் போனவருக்கு இந்தக் கணக்கு 1955இல் முடிகிறது. இடையில் குழந்தைகள் வளர்ந்து பால்வெட்டவே போயிருப்பார்கள். கணவன் காணாமற்போனால் மனைவி மறுமணம் செய்யப் பராசர ஸ்மிருதி இடம் தருகிறது. ஈஸ்வர சந்திர வித்யாசாகர் 1856 விதவை மறுமணச் சட்டத்துக்காக வாதாடியபோது கையிலெடுத்தது அந்தச் சுலோகத்தைத்தான். தோட்டத்து மக்களில் பல சாதிகளுக்கு ‘அறுத்துக் கட்டும்’ வழக்கம் முன்பே இருந்ததால், நூல் ஆதாரத்தைத் தேட வேண்டிய அவசியமும் இல்லை. யூதப் பெண்களுக்கு நிலைமை இதைவிடக் கடினம். கணவன் இறந்தது உறுதியாகாதவரை அவள் ‘அகுனா’, கட்டுண்டவள், மறுமணம் கூடாது. போருக்குப் பின் அகதி முகாம்களில் கூடிய ரபிகளின் நீதிமன்றங்கள், ஒரே சாட்சி போதும் என்ற பழைய சலுகையை விரித்தும், எந்த ரயிலில் எந்த முகாமுக்கு எந்த நாளில் போனார் என்ற பதிவைச் சான்றாக ஏற்றும், ஏராளமான பெண்களை விடுவித்தன. அந்த ரபிகளுக்கு ஒரு வசதி இருந்தது: கொன்றவர்களே வைத்திருந்த பட்டியல்கள். தஞ்சோங் மாலிம் வட்டாரத்துப் பெண்ணுக்கு அப்படி ஒரு தாளும் கிடையாது.

தேதி தெரியாத மரணத்துக்கு இரு மரபுகளும் ஏறக்குறைய ஒரே விடையைக் கண்டன. இஸ்ரேலின் தலைமை ரபி மன்றம், தெபெத் மாதம் பத்தாம் நாளை, இறந்த நாள் தெரியாத எல்லோருக்கும் காதிஷ் என்ற நினைவு வேண்டுதலைச் சொல்லும் பொது நாளாக அறிவித்தது. தமிழருக்கு அந்த நாள் முன்பே இருந்தது. திதி தெரியாதவருக்கு மகாளய அமாவாசையும் ஆடி அமாவாசையும். ஆயுதத்தாலும் விபத்தாலும் துர்மரணம் அடைந்தவருக்கு மகாளய பட்சத்தின் சதுர்த்தசி. மலேசியத் தமிழர் பலர் இவற்றோடு தீபாவளிக்கு முந்தைய நாள் முன்னோருக்குப் படைக்கிறார்கள். வாழையிலையில் சோறும் கறியும், இறந்தவர் விரும்பித் தின்ற பலகாரம், குடித்தவராயின் ஒரு குவளை, புது வேட்டி, சாம்பிராணி. வீட்டார் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் காத்திருப்பதும் உண்டு. படங்களுக்கு முன்னால் இலை போடுவது வழக்கம். சயாமுக்குப் போனவருக்குப் பெரும்பாலும் படம் கிடையாது. 1943இல் தோட்டத்துத் தொழிலாளியை எவர் படம் பிடித்தார்? படம் இல்லாவிட்டாலும் இலை போடலாம், பெயர் சொல்லி அழைத்தால் போதும் என்பதே இந்த வழக்கத்தின் பலம். கிறிஸ்தவத் தமிழருக்கு நவம்பர் 2, கல்லறைத் திருநாள், கல்லறையே இல்லாதவரையும் சேர்த்து மன்றாட இடம் தருகிறது. மலேசிய முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபி மரபில், உடல் கண்முன் இல்லாமலே தூரத்தில் இறந்தவருக்கு ஜனாஸா என்ற இறுதித் தொழுகை நடத்தலாம்.

திரும்பியவரின் மனநிலை இன்னும் சிக்கலானது. ஆஷ்விட்சில் இருந்த பிரீமோ லேவி ஓர் இரவை எழுதியிருக்கிறார். யார் கொல்லப்படுவார் என்ற தேர்வு முடிந்திருக்கிறது. தப்பிய முதியவர் ஒருவர் தம் படுக்கையில் ஆடி ஆடிக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். அடுத்த படுக்கையில், தேர்வில் சிக்கிய இருபது வயது கிரேக்க இளைஞன் விளக்கைப் பார்த்தபடி கிடக்கிறான். அந்த நன்றியை லேவியால் ஏற்கவே முடியவில்லை. லயத்திலும் இதே நெருடல் உண்டு. உயிரோடு வந்தால் காவடி எடுக்கிறேன், மாரியம்மனுக்குக் கிடா வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டு திரும்பியவர், அடுத்த வீட்டில் தாலியோடு காத்திருக்கும் பெண்ணின் கண்முன் நேர்த்திக்கடனைச் செலுத்த வேண்டும். அம்மன் என்னைக் காத்தாள் என்பதன் மறுபக்கம், அவனைக் காக்கவில்லை என்பது. லேவியின் கோபம் நியாயமானது. ஆனால் நேர்த்திக்கடனை நன்றிப் பிரார்த்தனையோடு அப்படியே சமமாக வைக்க முடியாது. அது கொடுத்த சொல்லைக் காப்பது. முடியும் இடமும் பெரும்பாலும் ஊருக்கே சோறு போடுவதில்தான். தப்பியவர் தன் கடனை எல்லோர் இலையிலும் பரிமாறும்போது, தப்பாதவர் வீட்டுக்கும் அதில் பங்கு வருகிறது.

உயிர்தப்பியவரின் குற்ற உணர்வை மனநல மருத்துவம் 1960களில் பெயரிட்டு ஆராயத் தொடங்கியது. துர்க்கனவு, திடீர் நடுக்கம், யாரிடமும் பேசாமை என்று அது வரிசைப்படுத்திய குறிகளைத் தோட்டத்தில் ‘அடிச்ச பயம்’ என்றோ, ஏதோ பிடித்துக்கொண்டது என்றோ சொன்னார்கள். குறி கேட்டார்கள், முனியாண்டிக்குப் பூசை போட்டார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிடுவது அவசரம். இறந்தவன் வந்து என்னை விட்டுவிட்டாயே என்கிறான் என்று சாமியாடி வழியாக ஊர் கேட்கும்போது, பேச முடியாதவனின் பாரம் பொதுவில் இறங்குகிறது. மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் 1945 ஏப்ரலில் விடுதலையான பின், துன்பத்தைத் தாங்க ஒரு பொருள் வேண்டும் என்ற தம் கொள்கையை, வதைமுகாமில் தாம் கண்டதைக் கொண்டு விளக்கி எழுதினார். தோட்டத்தில் அந்தப் பொருள் மறுநாள் விடிகாலையில் மரத்தடிக்குப் போவதாகவும், அண்ணன் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்ப்பதாகவும் இருந்தது. அதற்கு நூல் எழுதுவோர் இல்லை என்பதால் அது சிறியதாகிவிடாது.

மன்னிப்பு பற்றிய கேள்வியில் இந்தத் தொழிலாளர்களுக்கு இழைக்கப்பட்ட இரண்டாம் அநீதி தெரிகிறது. ஜப்பானிய இராணுவக் காவல்துறையின் மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தகாஷி போருக்குப் பின் பிராயச்சித்தமாகவே வாழ்ந்தார். தாய்லாந்துக்கு நூறு முறைக்கு மேல் போய், குவாய் ஆற்றுப் பாலத்தருகே சாந்திக்காக ஒரு கோயில் எழுப்பினார். அவர் முன்னிலையில் சித்திரவதைப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதி எரிக் லோமாக்ஸ் 1993இல் காஞ்சனபுரியில் அவரைச் சந்தித்து, பின்னர் மன்னித்தார். யூத சமயத்தில் மனிதனுக்குச் செய்த தீங்கைக் கடவுள்கூட மன்னிப்பதில்லை. பாதிக்கப்பட்டவரிடமே கேட்க வேண்டும். லோமாக்ஸிடம் கேட்க ஒருவர் வந்தார். தமிழரிடம் எவரும் வந்து நிற்கவில்லை. மன்னிப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் உரிமையே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இழப்பீட்டிலும் அதேதான் நடந்தது. 1946இல் பிரிட்டன் இந்தப் பாதையின் தாய்லாந்துப் பகுதியை அந்நாட்டு அரசுக்கு 12.5 லட்சம் பவுனுக்கு விற்றது. 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவு, போர்க்கைதிகளாகத் துன்புற்ற படைவீரர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஈடு தர வழிசெய்தது. தொழிலாளர் அந்த வகைக்குள் வரவில்லை. பாதை ஒன்று, காலரா ஒன்று, தடி ஒன்று, ஆனால் சீருடை இல்லை. அதே காலத்தில், 1952 லக்சம்பர்க் உடன்பாட்டில், மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க்கும் யூத அமைப்புகளுக்கு 45 கோடி மார்க்கும் தர ஒப்புக்கொண்டது. மலேசியாவுக்கு ஜப்பான் 1967இல் ‘இரத்தக் கடன்’ என்று 2.5 கோடி வெள்ளி பெறுமானத்தைக் கொடுத்தது. அது கப்பல்களாக வந்து நாட்டின் கப்பல் நிறுவனத்துக்குப் போயிற்று. சயாமுக்குப் போனவரின் வீட்டுக்கு வரவில்லை. பணம் துக்கத்தைத் தீர்க்காது என்பது உண்மை. ஆனால் ஈடு கொடுப்பது ‘இந்த ஆளுக்கு இந்தத் தீங்கு நடந்தது’ என்று உலகம் ஒப்புக்கொள்வதுமாகும். அந்த ஒப்புதல்தான் மறுக்கப்பட்டது.

காஞ்சனபுரியின் டோன் ராக் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 நேச நாட்டு வீரர்கள் வரிசை வரிசையாகக் கிடக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர்ப்பலகை, புல்வெளி, பூச்செடி. நீகே முகாமில் பெரும்பாலும் காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பலுக்கும் அங்கே இடம் உண்டு. ஆசியத் தொழிலாளரின் எலும்புகளோ, போருக்குப் பின் பல இடங்களில் திரட்டப்பட்டு, வாட் தாவோன் வராராம் என்ற புத்தக் கோயிலில் ஒரு நினைவுத் தூணின் அடியில் மொத்தமாக வைக்கப்பட்டன. 1990இல் அந்நகரில் நிலத்தைத் தோண்டியபோது ஒரே குழியில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சொந்த நாட்டாரும் சமயத்தாரும் மறந்திருந்த காலத்தில் அந்த எலும்புகளுக்கு இடம் கொடுத்தது அந்நிய மண்ணின் புத்தக் கோயில்தான். தமிழர் அந்த நன்றியை மறக்கக் கூடாது. 2023இல் அதே கோயில் வளாகத்தில், தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியாலும் தமிழ்நாட்டு அரசின் நிதியுதவியாலும் ஒரு நடுகல் நிறுவப்பட்டது.

நடுகல் தொல்காப்பியம் கூறும் பழைய மரபு. ஆனால் அது போரில் விழுந்த வீரனுக்கு உரியது. ஆநிரை மீட்டு மடிந்தவன், புலியோடு பொருதவன், ஊரைக் காத்தவன் ஆகியோரின் உருவும் பெயரும் அதில் பொறிக்கப்படும். கல் உடைத்து, மண் சுமந்து, நோயில் விழுந்த கூலியாளுக்குக் கல் எடுப்பது மரபை விரித்த செயல். வீரம் அல்ல, அநியாயச் சாவே வணக்கத்துக்குப் போதிய காரணம் என்று அது சொல்கிறது. நாட்டார் சமயம் இதை முன்பே அறியும். மதுரை வீரன், காத்தவராயன் என்று தோட்டக் கோயில்களில் நிற்கும் சாமிகள் பலர் அநியாயமாகக் கொல்லப்பட்ட மனிதர்கள்தாம். ஆனால் மனிதன் சாமியாவதற்குப் பெயரும் கதையும் தேவை. எண்ணிக்கையைக் கும்பிட முடியாது. காஞ்சனபுரிக் கல்லில் இன்னும் இல்லாதது பெயர்கள்.

இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் 1950களிலிருந்து கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சாட்சித் தாள் நிரப்பும்படி உறவினரையும் அயலாரையும் கேட்டு வந்தது. கொல்லப்பட்ட 60 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் இப்போது திரண்டுவிட்டன. பட்டியலே அங்கே கல்லறையின் வேலையைச் செய்கிறது. மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் கதையைக் காத்திருக்கின்றன. பெயர்களைக் காக்க வேண்டியவர்கள் வீட்டார். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிந்து, குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தபின், பெயர் தெரிந்தவர் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. தஞ்சோங் மாலிமிலோ சிலிம் ரிவரிலோ வேறெங்கோ, சயாமுக்குப் போன பாட்டனோ பூட்டனோ உள்ள வீட்டார், அவர் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், தெரிந்தால் போன ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி ஊர்க் கோயிலிலும் தமிழ்ப்பள்ளியிலும் கொடுத்து வைக்க வேண்டும். வருகிற தீபாவளிப் படையலில் அந்தப் பெயரைச் சொல்லி ஓர் இலை போட வேண்டும்.